அந்தப் பத்து சதவீதத்தை நிலமாகவே கொடுங்கள்

சென்னைப் பெருநகரின் மூன்றாம் முழுமைத் திட்டத்தைத் தயாரித்துவரும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

போன சனிக்கிழமை சாயங்காலம் என் எட்டு வயதுப் பேரன் மட்டையைத் தூக்கிக்கொண்டு போன வேகத்திலேயே திரும்பி வந்தான். "பாட்டி, எந்த பிளாக், எந்த ஃப்ளாட்னு கேக்குறாங்க. நான் என்ன சொல்றது?" என்றான்.

அவன் போனது பொது இடத்துக்கு. எங்கள் தெருக்கோடியில் நாலு வருஷத்துக்கு முன்னால் எழுந்த பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில், பெரிய மனையில் கட்டுகிறவர்கள் ஊர்மக்களுக்காக விட வேண்டிய பத்து சதவீதத் திறந்தவெளி ஒதுக்கீடாகத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைத்த நிலம் அது. பலகைகூட வைத்திருக்கிறார்கள். அந்தப் பலகையைப் படிக்கவே கேட்டைத் தாண்ட வேண்டும். கேட்டில் ஒரு நோட்டு, அதில் ஃப்ளாட் எண் எழுதினால்தான் உள்ளே விடுவார்கள். வாட்ச்மேனைக் குறை சொல்ல மாட்டேன். சொன்ன வேலையைச் செய்கிறார்.

அதனால் எங்கள் தெருப் பிள்ளைகள் நிறுத்திவைத்த கார்களுக்கு நடுவில்தான் விளையாடுகிறார்கள். ஸ்டம்புக்கு ஒரு பழைய பெயின்ட் டப்பா. வண்டி வந்தால் "வண்டி, வண்டி" என்று கத்தி டப்பாவை ஓரமாக வைப்பார்கள், போனதும் மறுபடி நடுவில் வைப்பார்கள். ஒரே ஓவரில் நாலு தடவை அந்த டப்பா நகர்ந்ததை வாசல்படியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். போன மாதம் பக்கத்து வீட்டுச் சின்னப் பெண் பந்தை எடுக்கக் குனிந்த நேரத்தில் தண்ணீர் லாரி பின்னால் வந்தது. டிரைவர் கண்ணாடியைப் பார்த்ததால் பிழைத்தாள். அவள் அம்மா அன்றிலிருந்து அவளை வெளியே விடுவதில்லை.

விதி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனை என்றால் சாலை போக மிச்சத்தில் 10 சதவீதத்தை நிலமாகவே ஒப்படைக்க வேண்டும். அதுவும் பொதுச் சாலையை ஒட்டி இருக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் கேட்காமல் நுழையத்தானே அந்த நிபந்தனை? பிறகு எப்படி அது பூட்டிய கேட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது?

3,000-லிருந்து 10,000 சதுர மீட்டர் வரையுள்ள மனைகளின் கதை வேறு. அங்கே நிலம் ஒதுக்க முடியவில்லை என்றால் அதன் மதிப்பைப் பணமாகக் கட்டிவிடலாம். சாலை போக 4,000 சதுர மீட்டர் இருந்தால் பத்து சதவீதம் 400 சதுர மீட்டர். கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் கிரவுண்டு. ஒரு ஊஞ்சலும் நாலு வேப்பமரமும் பிள்ளைகள் ஓட ஒரு மண்தரையும் அதில் தாராளமாக அடங்கும். பணத்தை வாங்கிக் கணக்கில் வைத்துக்கொண்டு, பிறகு அதே தெருவில் ஒன்றே முக்கால் கிரவுண்டை யாரிடம் போய் வாங்குவீர்கள்? கட்டடம் எழும்பிய பிறகு எங்கள் தெருவில் நிலம் ஏது? அதனால்தான் கேட்கிறேன், நிலமாகவே கொடுங்கள்.

அடுக்குமாடியே கூடாது என்று சொல்ல வரவில்லை. ஊரை ஏரிப் பக்கம் இழுத்துக்கொண்டே போவதைவிட இருக்கிற இடத்தில் மாடி கட்டுவது எவ்வளவோ மேல். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் என்ன ஆனது என்று கண்ணால் பார்த்தவள் நான். ஆனால் 2019 விதிகளில் சாதாரணக் கட்டடங்களுக்குத் தளப்பரப்புக் குறியீட்டை, அதாவது மனையின் பரப்பைப்போல் எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்ற அளவை, 1.5-லிருந்து 2 ஆக்கினீர்கள். உயரக் கட்டடங்களுக்கு 3.25. அதற்கு மேலும் கட்டணம் செலுத்தி வாங்கிக்கொள்ளலாம். ஒரே மனையில் குடும்பங்கள் கூடிக்கொண்டே போகின்றன. திறந்தவெளி மட்டும் அதே பத்து சதவீதம். அதையும் பணமாக மாற்ற வழி வைத்தால் அத்தனை குழந்தைகளும் எங்கே போவார்கள்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை நின்ற பிறகும் எங்கள் தெருவில் மூன்று நாள் முழங்கால் தண்ணீர். உறிஞ்ச ஒரு கைப்பிடி மண் கிடையாது, வாசல் வரைக்கும் சிமென்ட். இதையெல்லாம் யாரிடம் சொல்லி அழ?

கிண்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தை 2024-இல் அரசு மீட்டபோது சந்தோஷப்பட்டேன். அப்படிப்பட்ட பெரிய இடங்கள் ஊருக்கு வேண்டும். ஆனால் எட்டு வயதுப் பையன் தினமும் பஸ் ஏறிக் கிண்டிக்குப் போய் விளையாட முடியாது. அவனுக்குத் தெருமுனையில் இடம் வேண்டும்.

கோபத்தில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து புதிய திட்டத்தில் பணம் கட்டித் தப்பிக்கும் வழியை அடைத்துவிடுங்கள், பத்து சதவீதத்தை நிலமாகவே வாங்குங்கள். ஏற்கெனவே ஒப்படைக்கப்பட்ட ஒவ்வொரு நிலத்தையும் சர்வே எண்ணோடு வார்டு வாரியாக மக்கள் பார்க்கும்படி வெளியிடுங்கள். அவற்றுக்குத் தெருப் பக்கமிருந்து தனி வாசல் வையுங்கள்.

உங்களில் ஒருவர் ஒருநாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு வாருங்கள். நானும் பேரனும் அந்த கேட் வரை உங்களோடு நடந்து வருகிறோம்.

பணிவுடன்,
தென்சென்னையில் நாற்பது வருஷமாகக் குடியிருக்கும் ஒரு பாட்டி