ஸ்டேக் பற்றிக் கேட்டிருந்தாயே

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. இங்கே மெல்போர்னில் எல்லோரும் சுகம். பெரியவள் படிக்க வெளியூர் போய்விட்டாள். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் வீடு நிறைந்துவிடும், கொல்லையில் நான் கரி மூட்டுவேன் என்று அவளுக்குத் தெரியும்.

ஆக்லாந்தில் புது வீட்டுக்கு வந்ததும் கரி அடுப்பு வாங்கியதையும், அதில் சுட்ட முதல் ஸ்டேக், அந்தக் கனத்த மாட்டுக்கறித் துண்டு, செருப்புத்தோல் மாதிரி ஆனதையும் எழுதியிருந்தாய். எனக்கும் முதல் வருஷம் அதே கதைதான். நம் கை பழகிய சமையல் வேறு. நாகர்கோவிலில் மாட்டுக்கறி என்றால் தேங்காய்ப் பல் போட்டு, மெத்தென்று வேகவைத்து, சுருள வறுப்பார்கள். அது உழைத்த தசை, நேரம் கொடுத்தால்தான் சவ்வு கரையும். ஸ்டேக் முதுகுப் பக்கத்துக் கறி. அங்கே மாட்டுக்கு வேலை குறைவு, கரைய வேண்டிய சவ்வும் குறைவு. கூடுதலாக வேகவேக இறுகத்தான் செய்யும்.

கறிக்கடையில் ஸ்காட்ச் ஃபில்லட் என்று கேள், அந்த முதுகுப் பக்கத்துக் கறியில் ஒரு வகைதான் அது. நாலு சென்டிமீட்டர் கனத்துக்கு வெட்டித் தரச் சொல். மெல்லிய துண்டு என்றால் மேலே நிறம் பிடிப்பதற்குள் உள்ளே வெந்து போகும், உன்னுடையது கெட்டதும் அதனால்தான் என்று நினைக்கிறேன். சிவப்புக்குள் வெள்ளை நூல் ஓடுகிற மாதிரி கொழுப்பு பரவியிருந்தால் தயங்காமல் எடு.

அப்புறம் உப்பு. முந்தின நாள் ராத்திரியே தூவி, கம்பித் தட்டில் வைத்து, மூடாமல் ஃப்ரிட்ஜில் வைத்துவிடு. கொஞ்ச நேரத்தில் கறி மேல் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும். துடைக்காதே. முக்கால் மணி நேரத்தில் அந்த உப்புத் தண்ணீரைக் கறியே திரும்பக் குடித்துவிடும். மறுநாள் விரலால் தொட்டுப் பார், மேல்பக்கம் காய்ந்து, நிறம் கறுத்து, லேசாக ஒட்டும். இந்தக் காய்ந்த மேல்பக்கம்தான் எல்லாம். ஈரம் இருக்கிற வரை அங்கே சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது, முறுகி மணம் வரக் குறைந்தது 140 வேண்டும். 1912-இல் மெய்யார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் எழுதிவைத்த வினை இது. தோசை முறுகுவதும் இதனால்தான்.

கரியை அடுப்பின் ஒரு பக்கமாகக் குவித்து, நீறு பூக்கும்வரை பொறு. கறியை முதலில் கரி இல்லாத பக்கம் வைத்து மூடு. இருபது நிமிஷம் போலப் பிடிக்கும், ஆனால் கடிகாரத்தை நம்பாதே, தெர்மாமீட்டரைக் குத்திப் பார். நடுவில் 45 டிகிரி வந்ததும் நேரே கங்குக்கு மேல் கொண்டு வா. நிமிஷத்துக்கு ஒரு தரம் புரட்டிக்கொண்டே இரு. கொழுப்பு சொட்டித் தீ எழும்பினால் கரி இல்லாத பக்கம் இழுத்துவிடு, இல்லாவிட்டால் கரிப்புகை நாக்கில் கசக்கும். 52-இல் எடுத்து ஐந்து நிமிஷம் சும்மா விடு, சூடு தானே இரண்டு மூன்று டிகிரி ஏறும். பிறகு நாருக்குக் குறுக்கே வெட்டு.

தட்டில் சிவப்பாக வடிவதைப் பார்த்து, இரத்தம் என்று என் மனைவி முதல் தடவை தட்டையே தள்ளிவைத்தாள். அது இரத்தம் இல்லை, தசையில் இருக்கிற மயோகுளோபின் என்ற புரதம் தண்ணீரோடு கலந்து வருவது. இப்போது ஓரத்துத் துண்டுக்கு அவளும் மகளும் போட்டி போடுகிறார்கள். முழுத் துண்டில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும், கங்கின் சூட்டில் செத்துவிடும். கொத்துக்கறிக்கு இது பொருந்தாது, அதை 71 டிகிரி வரை வேகவிட வேண்டும். அம்மாவுக்குக் கொடுக்கும் துண்டை மட்டும் 63 வரை விட்டு, மூன்று நிமிஷமாவது ஆறவிட்டுக் கொடு. வயதானவர்கள் விஷயத்தில் துணிய வேண்டாம்.

உன்னிடம் தெர்மாமீட்டர் இல்லை என்று எழுதியிருந்தாய். என்னிடம் இரண்டு இருக்கிறது, ஒன்றை நாளைக்குத் தபாலில் போடுகிறேன். அது வரும்வரை கறி வாங்காதே.

அன்புடன்,
உன் மாப்ளே