நகரக் கால்பந்துக் கழகம்: 2024–25 ஆண்டறிக்கை

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர் பெருமக்களுக்கும் வணக்கம்.

வழக்கமான பணிகள் குறையின்றி நடந்தன. பொங்கல் ஐவர் போட்டி நடந்தது, மைதானத்தின் தெற்கு ஓரத்துக் கருவேலம் வெட்டப்பட்டது, கோல் வலை மாற்றப்பட்டது. விரிவாகச் சொல்ல வேண்டியது மேல்நிலைப் பள்ளி மாணவர்களின் பயிற்சியைப் பற்றித்தான்.

கொல்கத்தாவிலும் கோவாவிலும் தொழில்முறை அணிகளுக்கு ஆடி ஓய்வுபெற்ற நம் ஊர்க்காரர் ஒருவர் பயிற்சி அளித்து வருகிறார். பஸ் கட்டணம் தவிர எதுவும் வாங்குவதில்லை. அறிக்கையில் பெயர் வரக் கூடாது, பிளெக்ஸ் பேனர் கூடவே கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. பேனருக்கு ஒதுக்கிய தொகையில் பந்துகள் வாங்கினோம்.

தொடக்கத்தில் அவர் கோலை நோக்கி ஒரு பந்தைக்கூட அடிக்க விடவில்லை. பந்தை வாங்கும் மாணவனுக்குப் பின்னால் நின்று விரல்களைக் காட்டுவார். பந்து காலுக்கு வருமுன் அவன் திரும்பிப் பார்த்து எத்தனை விரல் என்று சொல்ல வேண்டும். சொல்லத் தவறினால், பந்தை எவ்வளவு அழகாக நிறுத்தினாலும் கணக்கில் சேராது. "கண் பரிசோதனைக்கா பிள்ளையை அனுப்பினோம்?" என்று ஒரு தந்தை என்னிடமே சலித்துக்கொண்டார். நடுக்கள ஆட்டக்காரர்கள் இப்போது நிமிர்ந்து பார்த்து ஆடுவதைக் கண்டபின் அவர் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

மழை பிடித்த ஒரு மாலையில் மேடைக் கூரையடியில் மாணவர்களை உட்காரவைத்துக் கதை சொன்னார். 1948இல் லண்டனில் பிரான்சுக்கு எதிராக இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். 1960இல் ரோமில் பெரு நாட்டுக்கு எதிராக, இன்றுவரை கடைசிக் கோலை அடித்தவர் தஞ்சாவூர்க்காரரான சைமன் சுந்தரராஜ். பின்னாளில் 1973இல் மாநில அணிகள் மோதும் தேசியப் போட்டியான சந்தோஷ் கோப்பையைக் கேரளம் முதன்முறையாக வென்றபோது அதன் பயிற்சியாளரும் சைமன்தான். லண்டனில் நம்மவர்கள் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினார்கள் என்றதும் பிள்ளைகளுக்கு ஒரே குதூகலம். "அதைச் சாக்காக வைத்து நாளைக்கு எவனும் பூட்ஸ் இல்லாமல் வரக் கூடாது" என்று அங்கேயே கத்தரித்துவிட்டார்.

இனி மனக்கசப்பான விஷயம். 17 வயதுக்குட்பட்டோர் போட்டியின் அரையிறுதியில் நம் அணி தோற்றது. அதிக கோல் அடித்த மாணவனை, சொல்லாமல் பயிற்சிக்கு வராததால், அவர் வெளியே உட்காரவைத்தார். உறுப்பினர்கள் சிலர் கொதித்தார்கள். செயற்குழுவுக்கு எழுத்துமூலம் புகாரும் வந்தது. கோப்பை கைநழுவியதில் எனக்கும் வருத்தமே. ஆனால் பயிற்சிக்கு வருவது கட்டாயம் என்று விதி எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டியது நாம்தான். நட்சத்திர ஆட்டக்காரனுக்கு மட்டும் அதை அவர் தளர்த்தியிருக்க வேண்டும் என்ற வாதத்தைச் செயற்குழு ஏற்கவில்லை. அந்த மாணவன் அடுத்த நாள் எல்லோருக்கும் முன்னால் வந்து பந்துகளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான் என்பதையும் புகார் கொடுத்தவர்களின் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு பிளஸ் டூ மாணவர்கள் வருகை குறைந்தது. டியூஷனுக்கு முன் காலைப் பயிற்சி வைத்ததில் ஓரளவு சரியானது. மைதானத்துக்கு விளக்கு கேட்டு நகராட்சிக்கு அனுப்பிய மனு நிலுவையில் உள்ளது. பயிற்சியாளரை வரும் ஆண்டும் தொடரக் கேட்டுக்கொள்ளும் தீர்மானம் இன்று முன்வைக்கப்படும். அதற்கு முன் வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்