இடிந்த கோட்டையைக் கட்டிக் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். சின்னச் சின்ன வீரர் பொம்மைகளை நகர்த்தி ஆடும் போர் விளையாட்டுக்காக நான் செய்த மேசையில், போன ஞாயிறு முதல் ஆட்டம் ஒருவழியாக நடந்து முடிந்தது. நான் தோற்றேன், அது வேறு கதை. 6 அடிக்கு 4 அடி நிலம். நடுவே ஓர் ஆறு, அதன் மேல் பாதி உடைந்த பாலம், இந்தக் கரையில் பாழடைந்த கோட்டை, அந்தக் கரையில் காடு. 28 மி.மீ. உயர வீரர்கள் 40 பேர். வந்தவர்கள் எல்லாரும் "நீயேவா செய்தாய்?" என்று கேட்டார்கள். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஆமாம் என்றேன். எல்லாவற்றையும் எடுத்து அடுக்கும்போதுதான் உறுத்தியது. அந்த ஆமாமில் பாதி பொய். அதைத் திருத்தத்தான் இந்த மடல்.

முதல் நன்றி, மாதிரி ரயில் பாதை அமைக்கும் ஐயாவுக்கு. என் முதல் மதில்சுவரை உங்களுக்கு நினைவிருக்கும். பெட்டிக்குள் வரும் தெர்மோகோலில் மூன்று நாள் உட்கார்ந்து கல் கல்லாகக் கீறி, கறுப்பு ஸ்பிரே பெயின்ட் அடித்தேன். கண்ணெதிரே சுவர் சுருங்கி, குழி விழுந்து, கறையான் அரித்த மாதிரி ஆகிவிட்டது. நீங்கள் சிரித்தீர்கள். சிரித்துவிட்டு மறுநாள் எக்ஸ்பிஎஸ் என்கிற அடர்த்தியான ஃபோம் பலகை ஒன்றோடு வந்து நின்றீர்கள். மணி மணியாக உதிராது, கத்திக்கு வெண்ணெய் மாதிரி இடம் கொடுக்கும். ஆனால் தெர்மோகோல் மாதிரி இதுவும் பாலிஸ்டைரீன் என்கிற பிளாஸ்டிக்தான், ஸ்பிரேயில் உள்ள கரைப்பானும் சூப்பர் க்ளூவும் இதையும் தின்றுவிடும் என்றீர்கள். வெள்ளைப் பசையில் கறுப்பு அக்ரிலிக் கலந்து இரண்டு பூச்சு கொடுத்துக் காயவிட்ட பிறகு இதுவரை எந்தச் சுவரும் உருகவில்லை. அலுமினியத் தாளைக் கசக்கி உருட்டி ஃபோம் மேல் அழுத்தினால் கல்லின் சொரசொரப்பு வரும் என்று காட்டியதும் நீங்கள்தான். கோட்டையைப் பார்த்தவர்கள் முதலில் புகழ்வது அந்தக் கல்லைத்தான். பேர் எனக்கு, உருண்டை உங்களுடையது.

வரலாறு படிக்கும் நண்பனுக்கு அடுத்தது. முழு நிலத்தையும் ஒரே பலகையில் செய்யப்போனவனை நிறுத்தி நீ ஒரு கதை சொன்னாய். 1812இல் பிரஷ்ய மன்னர் மூன்றாம் பிரெட்ரிக் வில்லியமுக்கு ரைஸ்விட்ஸ் என்பவர் ஒரு போர் விளையாட்டு மேசை செய்து கொடுத்தார். அதன் நிலத்துண்டுகளை மாற்றி மாற்றி அடுக்கிப் புதிது புதிதாகக் களம் அமைக்கலாம். 1824இல் ரைஸ்விட்ஸின் மகன் அந்த விளையாட்டை வரைபடத்துக்கு மாற்றிவிட்டார். 'மகன் சொன்னதைக் கேட்டிருந்தால் எனக்கு இவ்வளவு செலவு இல்லை' என்று அன்று நினைத்தேன். ஆனாலும் அப்பா ரைஸ்விட்ஸ் பக்கமே சாய்ந்து, 2 அடிச் சதுரமாக ஆறு துண்டுகள் செய்தேன். நதி ஓடும் ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் அது ஒரே இடத்தில், ஒரே அகலத்தில் வெளியேற வேண்டும் என்று நீ அட்டையில் வெட்டிக் கொடுத்த அளவுகோல் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது.

துண்டுகள் எல்லாம் தோணி மாதிரி வளைந்தபோது வந்து காப்பாற்றியது தச்சு வேலை தெரிந்த அண்ணன். பசையும் தண்ணீரும் ஒரு பக்கம் மட்டும் குடித்த பலகை வளையத்தான் செய்யும். அடியிலும் பெயின்ட் பூசு, குறுக்குச் சட்டம் வை. இவ்வளவுதான் அவர் சொன்னது. அண்ணன் அதிகம் பேசமாட்டார், நானும் அவருக்கான நன்றியைச் சுருக்கமாகவே முடிக்கிறேன்.

பல் மருத்துவத் தோழிக்கு எப்படி நன்றி சொல்வது? முனை மழுங்கியது என்று தூக்கிப் போட இருந்த ஏழு கருவிகளைக் கழுவிக் கொதிக்க வைத்துக் கொடுத்தீர்கள். கிரீன் ஸ்டஃப் என்கிற, இரு நிறம் சேர்த்துப் பிசைந்தால் இறுகும் புட்டியில் துணி மடிப்பு இழுக்க அவற்றை விட்டால் வேறு இல்லை. அந்தப் புட்டி நாடாவில் நீலமும் மஞ்சளும் ஒட்டியிருக்கும் நடுப்பகுதியை வெட்டி எறியாமல் பிசைந்ததால், என் முதல் தளபதியின் மேலங்கி முழுக்கப் பரு. காரணத்தைக் கண்டுபிடித்ததும் நீங்கள்தான். "இதுவும் எங்கள் பசை மாதிரிதான், தொட்ட இடத்தில் இறுக ஆரம்பித்துவிடும்." கருவியைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு வேலை செய்யப் பழகியபின், வில்லாளி ஒருவன் கொடி பிடிப்பவனாக மாறினான், தலைகள் இடம் மாறின. உலோக வீரனின் கை மூன்று முறை ஒடிந்து விழுந்தபோது, 1 மி.மீ. துளை போட்டு உள்ளே கம்பி செருகி ஒட்டச் சொன்னீர்கள். வேர் சிகிச்சை என்று அதற்குப் பெயரும் வைத்தீர்கள்.

அக்கா மகளே, கண்ணு, உனக்கு வயது 11. இந்த மேசையை நிஜமாக விளையாட வைத்தவள் நீதான். கோட்டையை முடித்துவிட்டேன் என்று எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தபோது, நீ ஒரு வீரனை எடுத்துப் படிக்கட்டில் வைத்தாய். அவன் உருண்டு விழுந்தான். இன்னொருவனை வைத்தாய். அவனும் விழுந்தான். "மாமா, இவங்க எங்க நிப்பாங்க?" என்றாய். வீரனின் உயரத்துக்கு ஏற்ற அளவு பிசகக்கூடாது என்று படியின் ஆழத்தை 6 மி.மீ. வைத்திருந்தேன். வீரனின் அடித்தட்டோ 25 மி.மீ. வட்டம். குன்றும் அப்படியே, பார்க்க அழகான சரிவு, வைத்தால் எல்லாரும் சறுக்கிக்கொண்டு ஆற்றுக்குள். கோபுரத்துக்குள் கை நுழையவில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, கொஞ்சம் கோபம்கூட வந்தது, உன் மேல். மறுநாள் எழுந்து படிக்கட்டை இடித்தேன். நாலு படிக்கு ஒரு முறை 30 மி.மீ. மேடை வைத்தேன். குன்றைத் தட்டுத் தட்டாக வெட்டினேன். கோபுரக் கூரையைக் கழற்றி மாட்டும்படி செய்தேன். இரண்டு மாதம் பிடித்தது. ஞாயிறன்று நீ அந்தக் கோபுரத்து உச்சியில் வில்லாளிகளை நிறுத்தித்தான் என்னை வீழ்த்தினாய் என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

அப்புறம், மழை நாளில் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் அடித்து 12 வீரர்கள் மேல் வெள்ளை படிந்தபோது, தூக்கி எறியாதே, பிரஷால் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்துப் பார் என்று இரவு பதினொரு மணிக்குப் போன் எடுத்துச் சொன்ன தம்பி; பத்துப் பேர் பிழைத்தார்கள். மீதி இரண்டு பேர் இப்போது கோட்டையின் பேய்கள். ஆயுதம் கையில் ஒட்டி நிற்க வைக்கும் காந்தம் திரும்பிப் போகாதபடி அதன் ஒரு முகத்தில் மார்க்கரால் புள்ளி வைக்கச் சொன்னதும் நீதான். அதற்கு முன்பே ஒட்டிய ஒருவனின் வாள் கையை விட்டுத் தள்ளி ஓடும், அவனை அப்படியே விட்டுவிட்டேன். ஆற்றுத் தண்ணீராக, ஊற்றினால் இறுகும் ரெசின் திரவத்தை ஒரே மூச்சில் ஊற்றி, அது சூடேறி வெடித்து, வீடெல்லாம் நாறியபோது ஜன்னல்களைத் திறந்துவிட்டு ஒரு வார்த்தை பேசாத அம்மா. அடுத்த முறை 2 மி.மீ., 2 மி.மீ. ஆகத்தான் ஊற்றினேன் அம்மா.

பாலத்தின் அடிப்பக்கம் இன்னும் பெயின்ட் அடிக்காமல் கறுப்பாகவே இருக்கிறது. ஞாயிறன்று குனிந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நிமிர்ந்தவர் யார் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் நன்றி.

அன்புடன்,
தோற்றுப்போன கோட்டைக்காரன்