பழைய பைக்கின் பாலிசியை என் பெயருக்கு மாற்றித் தராமல், க்ளைமையும் நிராகரித்தது குறித்துப் புகார்

போச்சம்பள்ளி,
24.04.2026

பெறுநர்:
குறைதீர்ப்பு அதிகாரி,
வாகனக் காப்பீட்டுப் பிரிவு, தலைமை அலுவலகம்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். ஏப்ரல் 16-ஆம் தேதி உங்கள் அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. இரண்டே வரிதான். வண்டி கைமாறிய பிறகு பாலிசியில் பெயர் மாற்றப்படவில்லை, ஆகவே சேதத்துக்குப் பணம் தர இயலாது என்று எழுதியிருந்தீர்கள். பெயர் மாறவில்லை என்பது சரிதான். ஆனால் மாற்றித் தரும்படி கேட்டு நான் இரண்டு முறை உங்கள் கிருஷ்ணகிரி கிளைக்கு வந்தேன். இரண்டு முறையும் திருப்பி அனுப்பினார்கள். அதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை.

எனக்கு வயது 20. காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் சீசன் வேலை செய்கிறேன். மே மாதம் ஆலை ஓடத் தொடங்கினால், ராத்திரி ஷிப்ட் முடிகிற நேரத்தில் எங்கள் ஊருக்குப் பஸ் கிடையாது. இரண்டு சீசனாக மிச்சம் பிடித்த 29,000 ரூபாயோடு, அக்கா சீட்டு எடுத்துக் கொடுத்த 7,000-ஐயும் சேர்த்து, பிப்ரவரி 22 ஞாயிற்றுக்கிழமை 36,000 ரூபாய்க்கு ஒரு 2018 மாடல் பைக் வாங்கினேன். இதுதான் என் முதல் வண்டி. விற்றவர் பர்கூரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர். அவர் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. வண்டியைப் பெயர் மாற்றுவதற்கான படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டு, எங்களோடு ஆர்டிஓ அலுவலகத்துக்கும் வந்தார். சேஸிஸ் நம்பரின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுப்பது எப்படி என்று எனக்குக் காட்டிக்கொடுத்ததும் அவர்தான். நம்பர் ஒவ்வொன்றாகக் காகிதத்தில் எழும்பி வந்தபோதுதான் வண்டி நிஜமாகவே என்னுடையது என்று தோன்றியது.

பாலிசி செப்டம்பர் 18 வரை இருந்தது. வண்டிச் சேதத்தையும் சேர்த்து முழுக் காப்பீடு. வண்டியை விற்றால், வண்டியால் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கான மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி வாங்கியவருக்கு வந்துவிடும், ஆனால் வண்டிச் சேதத்துக்கான பகுதி தானாக வராது, கம்பெனியில் கேட்டுப் பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று அவரே சொன்னார். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 157-ஐத் தேடிப் படித்தேன். வண்டி கைமாறி 14 நாளுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது.

ஒன்பதாவது நாளே, மார்ச் 3 செவ்வாய்க்கிழமை, உங்கள் கிளைக்கு வந்தேன். படிவங்களின் நகல், பழைய பாலிசி, என் ஆதார், எல்எல்ஆர் (வண்டி பழகுவதற்கான உரிமம்) எல்லாம் கையில் இருந்தன. மாற்றுக் கட்டணம் 50 ரூபாய் என்று கேள்விப்பட்டிருந்தேன். க்ளைம் எதுவும் கேட்காததற்காக விற்றவருக்கு இருந்த 50 சதவீத போனஸ் தள்ளுபடி அவரோடு போய்விடும், மீதி நாளுக்கான வித்தியாசத்தை நான் கட்ட வேண்டும் என்பதும் தெரியும். சேதப் பகுதிக்கான பிரீமியம் 420 ரூபாய். அதில் பாதி 210. மீதமிருந்த 208 நாளுக்குக் கணக்குப் போட்டால் 120 ரூபாய் வந்தது. வரி எவ்வளவு வருமோ என்று 300 ரூபாயாகக் கொண்டுவந்திருந்தேன். கவுண்டரில் இருந்தவர் காகிதங்களைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "முதல்ல ஆர்சி உங்க பேருக்கு மாறட்டும் தம்பி, அப்புறம் வாங்க" என்றார். வந்து போனதற்கு ஒரு சீல் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டேன். அப்படியெல்லாம் வழக்கமில்லை என்றார்.

அன்று மாலையே எல்லாவற்றையும் படம் எடுத்து உங்கள் வாடிக்கையாளர் சேவை மின்னஞ்சலுக்கு அனுப்பினேன். புகார் எண்ணோடு தானியங்கிப் பதில் ஒன்று வந்தது. அதற்குப் பிறகு இன்றுவரை எதுவும் வரவில்லை.

மார்ச் 16 அன்று ஆர்சி என் பெயருக்கு வந்தது. 18-ஆம் தேதி ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மறுபடியும் வந்தேன். இந்த முறை வேறு காரணம் சொன்னார்கள். "எல்எல்ஆர்தானே இருக்கு, லைசென்ஸ் எடுத்துட்டு வாங்க, மாத்திடலாம்" என்றார் அதே கவுண்டரில் இருந்தவர்.

நான் முக்கியமாகப் புகார் செய்வது இந்த வார்த்தையைத்தான். உங்கள் பாலிசியோடு வரும் சான்றிதழில், யார் வண்டி ஓட்டலாம் என்ற இடத்தில், செல்லுபடியாகும் எல்எல்ஆர் வைத்திருப்பவரும் ஓட்டலாம், மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் விதி 3-ஐக் கடைப்பிடிக்க வேண்டும் என்று நீங்களே அச்சடித்திருக்கிறீர்கள். ஓட்டவே அனுமதிக்கும் பாலிசியில் பெயர் மட்டும் ஏன் இருக்கக் கூடாது? வண்டி யாருடையது என்பது வேறு, யார் ஓட்டுகிறார்கள் என்பது வேறு. ஸ்டியரிங்கைத் தொட்டே பார்க்காத எத்தனையோ பேர் பெயரில் லாரி இருக்கிறது, அதற்கு இன்சூரன்சும் இருக்கிறது. இதைக் கவுண்டரில் சொன்னேன். மேனேஜர் வெளியூர் போயிருக்கிறார் என்றார்கள்.

மார்ச் 27 சாயங்காலம் சந்தைத் திடலில் எட்டு போட்டுப் பழகிவிட்டு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஞாயிறு தவிர மற்ற நாளில் திடல் காலியாகத்தான் கிடக்கும். முன்னும் பின்னும் வெள்ளையில் சிவப்பு எழுத்தில் எல் போர்டு இருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த மாமா 12 வருடமாக லைசென்ஸ் வைத்திருப்பவர். வேலியோரத்திலிருந்து ஒரு ஆடு குறுக்கே பாய்ந்தது. பிரேக் பிடித்ததும் மணலில் முன்சக்கரம் வழுக்கிவிட்டது. மாமாவுக்கு முழங்கையில் சிராய்ப்பு, எனக்கு ஒன்றும் இல்லை. ஹெட்லைட் உடைந்து, ஹேண்டில்பார் வளைந்து, முன் மட்கார்டும் ஒரு ஃபுட்ரெஸ்ட்டும் போய்விட்டன. அன்று ராத்திரியே உங்களுக்குப் போன் செய்து பதிவு செய்தேன். சர்வேயர் வந்து பார்த்துவிட்டும் போனார். ஒர்க்‌ஷாப் பில் 5,460 ரூபாய். பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதிதான் கிடைக்கும், அதுபோக 100 ரூபாய் பிடித்தம் உண்டு என்பது எனக்குத் தெரியும். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

மார்ச் 30-ஆம் தேதி எனக்கு லைசென்ஸ் டெஸ்ட். அன்று வண்டி ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. டெஸ்ட்டுக்குப் போக முடியவில்லை. எந்த லைசென்சைக் கொண்டுவரச் சொன்னீர்களோ, அதையும் எடுக்க முடியாமல் நிற்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மார்ச் 18 அன்று வரிசையில் எனக்குப் பின்னால் ஒரு அக்கா நின்றுகொண்டிருந்தார். பழைய ஸ்கூட்டி வாங்கியிருக்கிறேன், எனக்கும் எல்எல்ஆர்தான் என்று காத்திருக்கும்போது சொன்னார். எனக்குச் சொன்ன பதிலைக் கேட்டதும், கையிலிருந்த காகிதங்களை மஞ்சப்பையில் மடித்து வைத்துக்கொண்டு கவுண்டர் பக்கமே வராமல் படியிறங்கிப் போய்விட்டார். அவர் வண்டி இப்போது யார் பெயர் பாலிசியில் ஓடுகிறதோ தெரியவில்லை. அவரைக் கூப்பிட்டு நிறுத்தியிருக்கலாமே என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

நான் கேட்பது இவ்வளவுதான். நான் முதலில் விண்ணப்பம் கொண்டுவந்த மார்ச் 3-ஐக் கணக்கில் எடுத்து, அந்தத் தேதியிலிருந்து பெயர் மாற்றத்தைப் பதிவு செய்யுங்கள். வித்தியாசப் பணத்தையும் கட்டணத்தையும் இன்றைக்கே கட்டத் தயாராக இருக்கிறேன். அதன் அடிப்படையில் என் க்ளைமை மறுபடியும் பரிசீலியுங்கள். எல்எல்ஆர் உள்ளவர் பெயருக்குப் பாலிசியை மாற்ற முடியாது என்று எந்த விதியில் இருக்கிறது என்பதை எழுத்தில் தெரிவியுங்கள். அப்படி ஒரு விதி இல்லையென்றால், அதைக் கிருஷ்ணகிரி கிளைக்கும் எழுத்தில் சொல்லுங்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த 14 நாளுக்குள் பதிலை எதிர்பார்க்கிறேன். ஒரு மாதத்துக்குள் சரியான முடிவு வராவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு விண்ணப்பிப்பேன். இதன் நகலை காப்பீட்டுப் புகார்களுக்கான பீமா பரோசா இணையதளத்திலும் பதிவு செய்கிறேன்.

படிவம் 29, 30, பழைய பாலிசி, ஆர்சி, எல்எல்ஆர், மாமாவின் லைசென்ஸ், ஒர்க்‌ஷாப் பில், மார்ச் 3 அன்று அனுப்பிய மின்னஞ்சலும் அதற்கு வந்த தானியங்கிப் பதிலும், உங்கள் நிராகரிப்புக் கடிதம் ஆகியவற்றின் நகல்களை இத்துடன் இணைத்திருக்கிறேன். என் முழுப் பெயரும் பாலிசி எண்ணும் கைபேசி எண்ணும் முதல் இணைப்பில் உள்ளன. கைபேசியில் மாலை ஆறு மணிக்கு மேல் அழைத்தால் பேச முடியும்.

இப்படிக்கு,
போச்சம்பள்ளி வாடிக்கையாளர்