மணல் வீச்சை நிறுத்துங்கள்: மலைக்கோயில் திருப்பணிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய திருப்பணிக் குழுவினருக்கு,

வணக்கம். குடமுழுக்குக்கு நாள் குறித்துவிட்டீர்கள். அதற்குள் சுவர் பளிச்சென்று ஆக வேண்டும் என்ற அவசரம் புரிகிறது. அதற்காகக் கம்ப்ரசரை மலையேற்றி வடக்குச் சுவரில் மணல் வீச்சு, அதாவது காற்றழுத்தத்தில் மணலைப் பீய்ச்சியடித்துக் கல்லைச் சுரண்டும் வேலை, நடத்தியதுதான் புரியவில்லை. அறநிலையத் துறை தடை செய்த முறை இது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

சுவரில் படிந்திருந்த சுண்ணாம்புப் பூச்சு போனது உண்மை. கூடவே கல்லின் மெருகும் போய்விட்டது. கல்வெட்டு எழுத்தின் ஆழம் சில மில்லிமீட்டர்தான்; மணல் முதலில் தின்பது அதன் விளிம்பை. சுவரின் அடித்தளத்தில் உள்ள குமுதப்படையில், நந்தா விளக்குக்கு (அணையா விளக்குக்கு) நெய் தர ஆடு விட்ட கல்வெட்டைப் போய்ப் பாருங்கள். 'சாவா மூவாப் பேராடு' (எண்ணிக்கை என்றும் குறையாமல் காக்கப்படும் ஆடுகள்) வரை விரலால் தடவிப் படிக்கலாம். அடுத்திருந்த எண்ணைக் காணோம். தொண்ணூறா, தொண்ணூற்றாறா, இனி யார் சொல்வது? சொரசொரப்பான கல் எண்ணெய்ப் பிசுக்கையும் பாசியையும் இன்னும் இறுகப் பிடிக்கும். மறுபடி கறுக்கும்போது மறுபடி கம்ப்ரசரா?

திருக்கழுக்குன்றத்தில் முதலாம் ஆதித்த சோழனின் 27ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. பல்லவ மன்னன் கந்தசிஷ்யன் கொடுத்த நிலத்தைப் பின்வந்த பல்லவ மன்னன், வாதாபி கொண்ட நரசிம்மவர்மன் காத்ததையும், ஆதித்தன் அதைத் தொடர்ந்ததையும் அது சொல்கிறது. அந்தக் கல்லில் மணல் அடித்திருந்தால் அந்தக் கோயிலின் பல்லவர் காலத் தொடர்பில் ஒரு கண்ணியே அறுந்திருக்கும்.

தெற்கும் மேற்கும் மிச்சம் இருக்கின்றன. மணல் வீச்சை நிறுத்துங்கள். ஈரச் சாக்கைப் போர்த்திச் சுண்ணாம்பை ஊறவிட்டு, மூங்கில் சிம்பால் வழித்து, நைலான் பிரஷால் கழுவினால் போதும். பிசுக்குக்கு நீர்த்த அமோனியா. கம்பிப் பிரஷும் ஆசிட்டும் கூடவே கூடாது. எழுத்து தெரிந்ததும் மைப்படி எடுக்க வேண்டும்: நனைத்த தாளை ஒட்டி, எழுத்துப் பள்ளத்தில் இறங்கும்வரை பிரஷால் தட்டி, அரை ஈரத்தில் மை ஒற்ற வேண்டும். நாள் பிடிக்கும்தான். குடமுழுக்கைத் தள்ளிவைக்கலாம்.

அர்த்தமண்டபச் சுவரில் துளையிட்டு நாலு போல்ட்டில் மாட்டிய உபயதாரர் பளிங்குப் பலகைக்குக் கிடைத்த இடமும் ஒரு பழைய கொடையாளியின் கல்வெட்டுதான். டியூப் லைட் கொடுத்தவர் பெயர் நிலைக்க, நிலம் கொடுத்தவர் பெயர் மறைய வேண்டும் போலும்!

சரி, கோரிக்கைக்கு வருகிறோம். மணல் வீச்சை உடனே நிறுத்தி, கம்ப்ரசரைக் கீழே இறக்கிவிடுங்கள். தெற்குச் சுவருக்குச் சாரம் கட்டுமுன், கல்வெட்டுகளைப் படியெடுத்துத் தருமாறு தொல்லியல் துறைக்கு ஒரு கடிதம் எழுதவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கல்வெட்டு ஆர்வலர்கள்