கியோட்டோவிலிருந்து பெரியப்பாவுக்கு

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வணக்கம். மார்ச் கடைசியில் கியோட்டோவுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் செர்ரிப் பூவைத் தேடித்தான் வருகிறார்கள். நானும் கண்ணாரப் பார்த்தேன். ஆனால் ஊசியும் நூலுமாகப் பிழைக்கிற எனக்கு, மரத்தில் பூத்ததைவிடத் துணியில் பூத்ததே மனத்தில் நின்றது. வாழ்நாளைத் தறியில் கழித்த உங்களிடம் சொல்லாமல் அதை யாரிடம் சொல்வேன்?

794இல் ஜப்பானின் தலைநகரான இந்த நகரம், 1467 முதல் 1477 வரை நடந்த ஓனின் போரில் பெரும்பகுதி எரிந்துபோனது. சிதறி ஓடிய நெசவாளர்கள், போர் ஓய்ந்தபின் திரும்பி வந்து, மேற்குப் படையினர் பாசறை அமைத்திருந்த இடத்தில் தறி போட்டார்கள். அதுதான் நிஷிஜின். இப்போதும் அங்கே குறுகிய முகப்பும் நீண்ட உட்புறமுமான பழைய மரவீடுகளைப் பார்க்கலாம்.

அங்கே 'சுசுரே' நெசவு பார்த்தேன். நெய்கிறவர் தம் விரல் நகங்களை ரம்பப் பல்போல அராவி வைத்திருக்கிறார். ஒவ்வொரு வண்ண ஊடையையும், அதாவது குறுக்கிழையையும், அந்த நகத்தாலேயே இழுத்து இறுக்குகிறார். உங்கள் கோர்வை நெசவில் சேலையின் கரையும் உடலும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் அல்லவா? இங்கே ஒரு வண்ணத்தின் ஊடை தன் எல்லையிலேயே திரும்பிவிடுவதால், இரண்டு வண்ணங்களுக்கு நடுவே மெல்லிய பிளவு விழுகிறது. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் அது தெரியும்.

உங்களை மிகவும் வியக்கவைக்கப் போவது இவர்களுடைய ஜரிகைதான். நாம் வெள்ளிக் கம்பியைப் பட்டு நூலில் சுற்றிப் பொன்முலாம் பூசுகிறோம். இவர்களோ கையால் செய்த காகிதத்தில் அரக்குப் பூசி, தங்க ரேக்கை ஒட்டி, அந்தக் காகிதத்தை இழை இழையாக நறுக்கி, ஒவ்வொன்றையும் வரிசை மாறாமல், முறுக்கிக்கொள்ளாமல், ஊடையாகக் கோக்கிறார்கள். காகிதத்தில் இருந்த சித்திரம் அப்படியே துணியில் எழுகிறது. இவ்வளவு பொறுமையை நான் வேறு எங்கும் கண்டதில்லை.

யூசென் சாயத் தொழிலில், முதல் கோட்டை ஒரு நீலப் பூவின் சாற்றால் வரைகிறார்கள். தண்ணீர் பட்டதும் அந்தக் கோடு மறைந்துவிடும். அதன்மேல் அரிசிப் பசையால் வரம்பு கட்டி, வரம்புக்குள் வண்ணம் தீட்டி, ஆவியில் வேகவைத்து அலசுகிறார்கள். முன்பெல்லாம் காமோ ஆற்றிலேயே அலசினார்களாம். ஆறு மாசுபடுவதால் அது நின்றுவிட்டது, நின்றதும் நியாயமே.

ஒவ்வொரு மாதமும் 21ஆம் தேதி தோஜி கோயிலில் சந்தை கூடுகிறது. அங்கே பிரித்துப்போட்ட பழைய கிமோனோத் துணிகளைக் குவித்து விற்கிறார்கள். கிமோனோ முழுவதும் நேர்த்துண்டுகளால் தைக்கப்படுவது. பிரித்தால் மறுபடியும் நீளத்துணியாகச் சேர்த்துவிடலாம். நான் வாங்கிய துண்டின் ஓரத்தில் பழைய தையலின் ஊசித்துளைகள் வரிசையாக இருக்கின்றன. மடிப்புக்குள் ஒளிந்திருந்த பகுதியில் சிவப்பு மங்கவே இல்லை.

தலைநகரம் டோக்கியோவுக்குப் போனபின் அரண்மனை வாடிக்கை இழந்த நிஷிஜின், 1872இல் பிரான்சின் லியோன் நகரத்துக்கு ஆள் அனுப்பி துளையிட்ட அட்டைகளைக் கொண்டு சித்திரம் நெய்யும் ஜக்கார்டு தறியைக் கொண்டுவந்து பிழைத்துக்கொண்டது. ஆனால் இன்றைய கவலை அதைவிடப் பெரிது என்று எனக்குத் தோன்றுகிறது. நூல் முறுக்குபவர், சாயம் போடுபவர், பாவு ஓட்டுபவர், தங்கக் காகிதம் நறுக்குபவர் என்று ஒவ்வொரு வேலையும் தனித்தனிப் பட்டறையில் நடக்கிறது. இவர்களில் ஒருவருக்குப் பின் ஆள் இல்லையென்றால், தறியும் நெசவாளரும் இருந்தும் அந்தத் துணி பிறக்காது.

உங்கள் தறிக்கு அச்சு பிணைத்தவர், அட்டை குத்தியவர், பட்டுக்குச் சாயம் போட்டவர் யார் யாரென்று நான் இதுவரை உங்களிடம் கேட்டதில்லை. ஊர் வந்ததும் நோட்டுப் புத்தகத்தோடு உங்களிடம் வருகிறேன். அன்று ஒருநாள் தறிக்கு ஓய்வு கொடுத்துவிட்டு எனக்கு எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி மகள்