காஸாபிளாங்காவிலிருந்து

அன்புள்ள வாப்பாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் நலம். உம்மாவின் முட்டுவலி எப்படி இருக்கிறது? இங்கே வேலை பழகிவிட்டது. கடல் பக்கம் என்பதால் அறைச் சுவரெல்லாம் ஈரம், அதுதான் தொல்லை.

ஜும்ஆ முடிந்ததும் வீட்டுக்காரர் கூஸ்கூஸ் சாப்பிடக் கூப்பிடுவார். ஓய்வு பெற்ற தத்துவ வாத்தியார், ரபாத்தில் ஆபித் அல்ஜாபிரி என்ற மொரோக்கோ தத்துவ அறிஞரிடம் படித்தவர். 2010இல் மௌத்தான ஜாபிரி சோஷலிஸ்ட் கட்சியிலும் முன்னணியில் இருந்தவராம். 1984இல் தொடங்கி, அரபு அறிவை விமர்சித்து நாலு பாகம் எழுதியிருக்கிறார். ஜாபிரி கணக்கில், கிழக்கே பாரசீக தத்துவவாதி இப்னு சீனா தத்துவத்தில் மறைஞானத்தைக் கலந்து கெடுத்தார், இமாம் கஸ்ஸாலியும் அதே வழியில் போனார். மேற்கே, ஸ்பெயினில் வாழ்ந்த தத்துவவாதி இப்னு ருஷ்துதான் ஆதாரம் கேட்டவர். அரபு நாடுகள் நவீனமாக வேண்டுமென்றால் அவரிடமிருந்து தொடங்க வேண்டும். இந்த ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கே அவர் பெயர்தான்!

கஸ்ஸாலியைச் சொன்னதும் கூஸ்கூஸ் தொண்டையில் நின்றுவிட்டது. நீங்கள் அவருடைய இஹ்யா கிதாபை ஓதக் கேட்டு வளர்ந்தவன் இல்லையா? "தத்துவவாதிகளை இருபது விஷயத்தில் மடக்கினார், சரி. தர்க்கத்தை விட்டாரா? அது தெரியாதவனுடைய இல்மை, அறிவை, நம்ப முடியாது என்று தன் முஸ்தஸ்ஃபா கிதாபின் தொடக்கத்திலேயே சொல்கிறாரே" என்றேன். மனிதர் சிரித்தார். தராபீஷி என்ற சிரியாக்காரர் ஜாபிரிக்குப் பல பாகங்களில் மறுப்பு எழுதிய கதையையும் அவரே சொன்னார்.

ஆளாளுக்கு ஒரு இப்னு ருஷ்து, வாப்பா. எகிப்தில் ஃபரஹ் அந்தூன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் 1903 வாக்கில், மதத்தையும் அரசையும் பிரிக்க அவரைச் சாட்சிக்கு இழுத்தார். எகிப்து மார்க்க அறிஞர் முஹம்மது அப்துஹு பதிலுக்குப் பாய்ந்தார். லெபனான் கம்யூனிஸ்ட் ஹுஸைன் முருவ்வா 1978இல் பழைய தத்துவவாதிகளிடமெல்லாம் பொருள்முதல்வாதம் தேடினார். 1987இல் பெய்ரூத்தில் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள்.

இவர்கள் இழுத்த இழுப்பில், இப்னு ருஷ்து ஸெவில்லிலும் கொர்தோபாவிலும் காழியாக, ஷரீஅத் நீதிபதியாக, இருந்தவர் என்பதே மறந்துபோகிறது. மத்ஹபுகளின், அதாவது சட்டப் பிரிவுகளின், கருத்து வேறுபாட்டை அடுக்கிச் சொல்லும் பிதாயத்துல் முஜ்தஹித் அவர் கிதாபுதானே? தத்துவம் படிக்கச் சொல்வதே ஷரீஅத்துதான் என்று ஒரு காழியாக நின்று வாதாடியவரை எந்தக் கட்சியில் சேர்ப்பது? ஜாபிரிக்கு அவர் வேண்டியிருந்தது, அதற்காகக் கஸ்ஸாலியை மட்டம் தட்டியது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அப்புறம் ஒரு வேலை. முஸ்தஸ்ஃபாவில் அந்த இடத்தைப் படம் எடுத்துத் தம்பியிடம் சொல்லி வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும். வீட்டுக்காரர் பக்கத்தைக் காட்டச் சொல்கிறார்.

வஸ்ஸலாம்,
உங்கள் மகன்